ஸ்லோவில் நிற்காத மெசின்

உரும்பிராய்
08.01.2025

அன்புள்ள சகோதரி மக்டலீன் அவர்களுக்கு,

உறையின் பின்பக்கத்தில் என் பெயரைக் கண்டதும் என்ன நினைத்தீர்களோ தெரியாது. ஓம், அதே பிரசாந்திதான். கம்பசில் நாலு வருடம் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவள். நீங்கள் கன்னியர் மடத்துக்குப் போன இந்த மூன்று வருடத்தில் அனுப்பிய இரண்டு வாழ்த்து மடலுக்கும் பதில் போடாதவள். போன கிழமை உங்கள் அம்மாவைத் திருநெல்வேலிச் சந்தையில் கண்டேன். சுகமாக இருக்கிறீர்கள் என்றா. விலாசமும் அவதான் எழுதித் தந்தா.

எனக்குக் கலியாணமாகிவிட்டது. எட்டு மாத மகள் ஒருத்தியும் இருக்கிறாள். ஆரணி. இப்போது நித்திரை. மூச்சு வருகிறதோ என்று இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். நான் இப்படித்தான் ஆகிவிட்டேன். அவளுக்குத் தும்மல் வந்தால் எனக்குக் காய்ச்சல்.

சரி, வெட்கத்தை விட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு மெசின் திருத்த வேண்டும்.

மாமாவுக்கு, இவருடைய அப்பா கதிரவேலுவுக்கு, வீட்டோடு ஒரு தோட்டமும் கொஞ்சம் தள்ளி நாலு பரப்புக் காணியும் இருக்கின்றன. வீட்டுத் தோட்டத்துக்குக் கரண்ட் மோட்டர். அந்த நாலு பரப்புக்குக் கரண்ட் லைன் இல்லை, கிணறு மட்டும்தான். முந்தி அங்கே தண்ணி இறைத்த இரண்டு இஞ்சிப் பெற்றோல் மெசின் இரண்டரை வருடமாகக் கொட்டிலுக்குள் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அங்கே மாரி மழையை நம்பி மட்டும் ஏதும் போட்டுவந்த மாமாவுக்கு இனி இரண்டு தோட்டம் பார்க்க ஏலாது. பக்கத்துக் காணி யதுசன் அதைக் குத்தகைக்குக் கேட்கிறான். நான் சும்மா இருக்காமல், "மாமா, எனக்குத் தாங்கோ, நான் வெங்காயம் போடுறன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, நீர் பிள்ளைக்குச் சோறு தீத்தவே மூண்டுபேரைக் கூப்பிடுறனீர்."

பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு பந்தயம் சொன்னார். நான் அந்த மெசினை என் கையால் ஓடப்பண்ண வேண்டும். ரேசைக் குறைத்து ஸ்லோவில் விட்டால், அவர் ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை நூராமல், அணையாமல், ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நாலு பரப்பும் இறைத்து முடியும்வரை நிற்கக்கூடாது. மெக்கானிக்கிடம் கொடுக்கக்கூடாது. தைப்பூசத்துக்கு முதல் இது நடந்தால் காணி எனக்கு. இல்லாவிட்டால் பூசத்தன்று யதுசனுக்கு.

"கடிதம் எழுதிக் கேக்கலாமோ மாமா?" என்றேன். "கடிதத்தாலை மெசின் திருத்தினதை நான் இன்னும் காணேல்லை. எழுதும், எழுதும்" என்றார்.

யூடியூப்பும் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் ஏதோ ஸ்பிறே டின்னால் உள்ளே மருந்து அடிக்கிறான், மெசின் ஓடுகிறது. அந்த டின் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. வீட்டில் இவரை, நிருஷனை, கேட்கலாம் என்றால், அவருக்குக் கழன்ற சைக்கிள் செயின் போடவும் ஆள் வேண்டும்.

கயிறு பன்னிரண்டு தரம் இழுத்தால் ஸ்டாட் வருகிறது. சோக்கை இழுத்துவைத்து ரேசும் குடுத்தால் ஓடுகிறது. ரேசைக் குறைத்தால் இரண்டு தரம் தும்மிவிட்டு நூர்ந்துபோகிறது. குருநகரில் உங்கள் அப்பாவிடம் வருகிற வள்ளத்துக் கடல் மெசின்களை நீங்கள் காதாலேயே கேட்டுத் திருத்துவீர்கள். எனக்கு வேறு ஆரையும் தெரியாது.

இப்படிக்கு,
பிரசாந்தி


மடம்
13.01.2025

அடியேய் பிரசாந்தி,

"நீங்கள்" என்று எழுத உனக்குக் கை வந்ததே. நாலு வருடம் ஒரே வாங்கில் இருந்து என் மீன்பொரியலை எல்லாம் திண்டவள். சைவக்காரி என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திண்டவள். இனி அப்படி எழுதினால் பதில் இல்லை.

இங்கே எங்களுக்கு வருகிற கடிதங்களை மதர் வாசித்துவிட்டுத்தான் தருவா. உன்னுடையதை இரண்டு தரம் வாசித்திருக்கிறா. "இந்தப் பிள்ளை உம்மட்டைச் செபம் ஏதும் கேக்கேல்லையோ சிஸ்டர்?" என்று கேட்டா. "கேட்டிருக்கிறா மதர், மெசினுக்கு" என்றேன். எங்களுக்கு மாதம் ஒரு கடிதம்தான். அதை அம்மாவுக்கு எழுதி முடித்துவிட்டேன். மதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது கடிதமில்லை, உதவி. எழுதும்" என்றா. இன்னொன்றும் கேட்டா. எனக்கு மெசின் தெரியும் என்று இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லையாம். ஆரும் கேட்கவில்லையே.

ஆரணிக்கு என் முத்தம். எழும்பிப் போய்ப் பார்க்காதே, மூச்சு வரும்.

இப்போது மெசின். பெற்றோல் விடுகிற ராங்கைத் திறந்து மணந்து பார். பெற்றோல் மணம் வந்தால் நல்லது. பெயின்ற் மணமோ புளித்த மணமோ வந்தால் அது பெற்றோல் இல்லை, முடிந்துபோன சாமான். அவ்வளவையும் வெளியே ஊற்று. புதுப் பெற்றோல் ஒரு லீற்றர் விடு. பிளக்கைக் கழற்றி மண்தாளால் உரஞ்சு. காற்று இழுக்கிற பெட்டிக்குள் ஒரு பஞ்சு இருக்கும். அதைச் சவுக்காரத் தண்ணியில் கழுவிக் காயவைத்துப் போடு.

செய்துவிட்டு மெசின் என்ன சத்தம் போடுகிறது என்று எழுது. வடிவாகக் கேட்டு எழுது. எனக்கு உன் காதுதான் காது.

மக்டலீன்


உரும்பிராய்
18.01.2025

அன்பின் மக்டலீன்,

பொங்கல் முடிந்தது. ஆரணி பொங்கல் பானையைப் பார்த்து அழுதாள், எனக்கு நெஞ்சு நின்றுபோனது. புகையாம் காரணம். மாமி பராசக்தி சொல்கிறா, "பிள்ளை அழுகிறதுக்குத்தானே வாய் வைச்சிருக்கு" என்று.

நீ சொன்னபடி ராங்கைத் திறந்தேன். புது வீட்டுக் கதவு மாதிரி மணந்தது. ஊற்றுவதற்கு வாளியை வைத்தேன். அவ்வளவுதான், மாமா கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டார்.

"உதை ஊத்தப்போறீரோ?"

"பழுதாப்போச்சு மாமா."

"உது பழுதாகாது. உது இருபத்திரண்டாம் ஆண்டு மூண்டு நாள் லைனிலை நிண்டு எடுத்த பெற்றோல். இரவிலை பெற்றோல் செட்டுக்கு முன்னாலை சாக்கு விரிச்சுப் படுத்து எடுத்தது."

தட்டுப்பாட்டு நேரம் எடுத்த அந்தப் பெற்றோலைச் செலவழிக்க மனமில்லாமல் ராங் நிறைய விட்டு மெசினைக் கொட்டிலுக்குள் வைத்திருக்கிறார். பிறகு வீட்டுத் தோட்டத்துக்குக் கரண்ட் மோட்டர் வந்தது, மெசினை மறந்துவிட்டார். பெற்றோலை மட்டும் மறக்கவில்லை. நான் ஊற்ற, அவர் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து செத்தவீட்டில் இருக்கிற மாதிரி இருந்தார். கடைசியில் அதை ஒரு பிளாஸ்ரிக் கானில் விட்டு, மூடி, கொட்டிலின் மூலையில் வைத்திருக்கிறார். துருப்பிடித்த ஆணி கழுவவாம். இந்த வீட்டில் அவ்வளவு ஆணி இல்லை.

புதுப் பெற்றோல், பிளக், பஞ்சு எல்லாம் செய்தேன். இப்போது நாலாவது இழுவையில் ஸ்டாட் வருகிறது. சத்தம்: சோக்கோடு "டுடுடுடு" என்று நல்லாக ஓடும். சோக்கைத் தள்ளி ரேசைக் குறைத்தால் "டுடு... டு... டு..." என்று வந்து, ஆரோ தோளில் தட்டின மாதிரி ஒரு "புஸ்". நின்றுவிடும். மாமா கதிரையில் இருந்தபடி, "தேத்தண்ணி ஊத்தவும் நேரம் காணாது" என்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். பெற்றோல் மணம் என் சட்டையில் இருந்தால் ஆரணிக்கு ஏதும் செய்யுமோ? ஏழு தரம் கை கழுவுகிறேன். மெசின் சத்தம் அவளுடைய காதுக்குக் கூடாதுதானே?

அன்புடன்,
பிரசாந்தி


மடம்
22.01.2025

பிரசாந்தி,

கை இரண்டு தரம் கழுவினால் போதும். மெசின் ஓடும்போது அவளைக் கொட்டிலுக்குள் கொண்டுபோகாதே, விறாந்தையில் இருக்கட்டும். மெசின் சத்தத்தில் காது போவதென்றால் குருநகரில் ஒருவருக்கும் கோயில் மணி கேட்டிராது.

உன் "டு டு புஸ்" வடிவாகக் கேட்டது. சாப்பாட்டு நேரம் இங்கே கதைக்கக்கூடாது. எனக்கு அந்தப் "புஸ்" ஞாபகம் வந்து சிரிப்பு வந்து, தண்ணி புரைக்கேறி, யோசப்பீன் சிஸ்டர் என் முதுகில் குத்தினா.

சோக்கோடு ஓடுகிறது, சோக் இல்லாமல் நூருகிறது என்றால், ஸ்லோவுக்குப் பெற்றோல் போகிற வழி அடைபட்டிருக்கிறது. பழைய பெற்றோல் உள்ளே காய்ந்து பிசினாகியிருக்கும். பயப்படாமல் செய்.

பெற்றோல் வருகிற குழாயின் திறப்பை மூடு. காபரேட்டரின் பக்கத்தில் வில்லோடு ஒரு சின்னத் திருகு இருக்கும். கழற்ற முதல் அதை இறுகும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவை. பூட்டும்போது இறுக்கிவிட்டு அத்தனை சுற்றுத் திரும்பத் தளர்த்த வேண்டும். அந்தத் திருகைக் கழற்றினால் கீழே சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு சாமான் வரும். அதுதான் சின்ன ஜெற். அதன் நடுவில் ஓட்டை இருக்கிறது, நீ காணமாட்டாய். அவ்வளவு சின்னது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் பிழை விடுவது. ஊசி போடாதே. ஊசி ஓட்டையைப் பெருப்பித்துவிடும், பிறகு ஜெற்றை எறியத்தான் வேண்டும். பழைய வயர் ஒன்றை உரித்தால் உள்ளே தலைமயிர் மாதிரிச் செம்புக் கம்பிகள் இருக்கும். அதில் ஒன்று. ஜெற்றை ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பியை மெல்ல விட்டு எடு. பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடி. ஓட்டை வட்டமாகத் தெரிந்தால் சரி. பாதி தெரிந்தால் சரியில்லை, திரும்ப ஊறப்போடு.

அப்பாவிடம் இந்த வேலை எனக்குத்தான் வரும். அவருக்குக் கண் காணாது. மூன்று வருடமாக இதைப் பற்றி நான் ஆரோடும் கதைக்கவில்லை. எழுதும்போது விரலில் மண்ணெண்ணெய் மணக்கிற மாதிரி இருக்கிறது.

மக்டலீன்

மதர் கேட்கிறா, மாமா தேத்தண்ணி கெதியாகக் குடிப்பாரோ மெதுவாகக் குடிப்பாரோ என்று.


உரும்பிராய்
30.01.2025

மக்டலீன்,

மதருக்குச் சொல்லு, மெதுவாக. உலகத்தில் இப்படி ஒருவர் தேத்தண்ணி குடித்து நான் காணவில்லை.

முதலில் நல்ல செய்தி. திருகு இரண்டேகால் சுற்று, ஆரணியின் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். ஜெற் வந்தது. கண்ணில் பிடித்துப் பார்த்தேன், இருட்டு. ஊறப்போட்டுக் கம்பி விட்டேன், பாதி தெரிந்தது. திரும்ப ஊறப்போட்டேன். மூன்றாம் நாள் காலமை வெளிச்சத்துக்குப் பிடித்தபோது ஒரு வட்டம் தெரிந்தது. குண்டூசித் தலையின் பாதிகூட இல்லை, ஆனால் முழு வட்டம். நான் போட்ட சத்தத்தில் மாமி குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தா.

பூட்டினேன். இரண்டாம் இழுவையில் ஸ்டாட். சோக்கைத் தள்ளினேன். ரேசைக் குறைத்தேன். "டுக் டுக் டுக் டுக்." நூரவில்லை மக்டலீன். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

நேற்றுப் பரீட்சை. மெசினைத் தள்ளுவண்டியில் வைத்து நாலு பரப்புக்குக் கொண்டுபோனோம். நிருஷன் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலிக்கரையில் நின்றார். மாமா கதிரையும் கொண்டுவந்து போட்டார். மாமி தேத்தண்ணி கொடுத்தா. மெசின் ஸ்லோவில் ஓடுகிறது. மாமா ஒரு மிடறு குடித்தார். ஆறட்டும் என்று வைத்தார். பேப்பரை விரித்து மரண அறிவித்தல் எல்லாம் வாசித்தார். சீனி காணாது என்றார். மாமி, "மனுசா, குடிச்சுத் துலையும்" என்று கத்தினபிறகுதான் குடித்து முடித்தார். மெசின் நூரவில்லை. "தேத்தண்ணி பாஸ்" என்றார்.

பிறகு ரேசைக் கூட்டி இறைக்கத் தொடங்கினேன். முதல் வாய்க்காலில் தண்ணி ஓடினபோது எனக்கு அழுகை வந்தது. பத்து நிமிடம்கூட இராது. திணறி, திணறி, நின்றது. நான் உடனே ராங்கைத் திறந்து பெற்றோல் இருக்கிறதோ என்று பார்த்தேன், நிறைய இருந்தது. இழுத்தேன், ஓடியது. திரும்பப் பத்து நிமிடம், நின்றது. திரும்பத் திறந்து பார்த்தேன், பெற்றோல் இருந்தது. இழுத்தேன், ஓடியது, நின்றது. ஐந்து தரம். யதுசன் கயிற்றோடு காணி அளக்க வந்து நின்றவன். "அக்கா, உதைக் கிணத்துக்கை போடுங்கோ. தண்ணி மட்டமாவது உயரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நிருஷனும் சிரித்துவிட்டுப் பிறகு வாயைப் பொத்தினார்.

"தேத்தண்ணி பாஸ், தோட்டம் பெயில்" என்றார் மாமா. பூசத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

இது வெறும் வெங்காயம் என்று நினைக்காதே. பிள்ளை பிறந்த நாள் தொடக்கம் நான் எதைத் தொட்டாலும் பயந்து பயந்துதான் தொடுகிறேன். இந்த மெசினை மட்டும் பயமில்லாமல் தொட்டேன். அதுவும் நடுவழியில் நிற்கிறது.

இன்னொன்றும் எழுதப்போகிறேன், மதர் வாசித்தாலும் பரவாயில்லை. நீ மடத்துக்குப் போனதற்கு முதல்நாள் பின்னேரம் மூன்று மணித்தியாலம் என்னோடு இருந்தாய். பலாலி வீதிக் கடையில் ரோல்ஸ் வாங்கித் தந்தாய். என் கலியாணத்துக்கு என்ன நிறச் சேலை கட்டுவாய் என்றுகூடக் கதைத்தாய். ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த கிழமை உன் வீட்டுக்குப் போய்த்தான் அறிந்தேன். உன் மடலுக்கு நான் ஏன் பதில் போடவில்லை என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. அதுதான் காரணம்.

பிரசாந்தி


மடம்
04.02.2025

என் பிரசாந்தி,

முதலில் மெசின், ஏனென்றால் உனக்கு நாள் இல்லை.

நீ பெற்றோல் இருக்கிறதோ என்று ஒவ்வொரு தரமும் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு தரமும் அதற்குப் பிறகுதான் மெசின் ஓடியிருக்கிறது. உன்னைத் தவிர வேறு ஆரும் நிறைந்த ராங்கை ஐந்து தரம் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள். பார்க்காவிட்டால் எனக்கு இது பிடிபட்டிராது.

ராங் மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்க வேண்டும். பெற்றோல் கீழே இறங்க இறங்க அதால்தான் காற்று உள்ளே போகும். அந்த ஓட்டை அடைபட்டால் பெற்றோல் இறங்காது. ஸ்லோவில் குடிப்பது கொஞ்சம், அதனால் தெரியாது. இறைக்கும்போது குடிப்பது கூட, அதனால் திணறி நிற்கும். நீ திறக்க, காற்றுப் போக, ஓடும். மெசின் நின்றவுடன் மூடியை மெல்லத் திருகிக் காதைக் கிட்டக் கொண்டுபோ. "ஸ்ஸ்" என்று இழுத்தால் இதுதான். மூடிக்கு உட்பக்கம் பார்.

இப்போது மற்றது.

அந்தப் பின்னேரம் மூன்று தரம் சொல்ல வாய் எடுத்தேன். ரோல்ஸ் வாங்கினது அதற்குத்தான், வாயில் ஏதாவது இருக்கட்டும் என்று. சொன்னால் நீ அழுவாய் என்று எனக்குத் தெரியும். நீ அழுதால் நான் நின்றுவிடுவேன் என்றும் தெரியும். அம்மா அழுததை என்னால் தாங்க முடிந்தது. நம் இரண்டு பேரில் நீதான் பயந்தாங்கொள்ளி என்று கம்பஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தது நான். அன்றைக்குப் பயந்து ஓடினதும் நான். அது பிழை. வந்ததற்காக நான் வருந்தவில்லை, இங்கே சந்தோசமாக இருக்கிறேன். உனக்குச் சொல்லாமல் வந்ததற்கு வருந்துகிறேன். மன்னித்துக்கொள்ளடி.

மதர் இந்தக் கடிதத்தை வாசிக்கவில்லை. "இதை நீரே ஒட்டிப் போடும்" என்று உறையைத் தந்தா.

மக்டலீன்


உரும்பிராய்
12.02.2025

என் அருமை மக்டலீன்,

"ஸ்ஸ்" என்று கேட்டது.

எழுத நிறைய இருக்கிறது, ஆரணி பேனையை இழுக்கிறாள். உன் கடிதம் ஏழாம் திகதி வந்தது. அன்றைக்கே இறைத்து, நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்று, மூடியைத் திருகினேன். நீ எழுதின அதே சத்தம். மூடிக்கு உட்பக்கம் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. இவ்வளவு நாளும் அதை வாசர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நகத்தால் சுரண்டினேன், கல்லுப் போல இருந்தது. மணந்து பார்த்தேன். சவுக்காரம்.

மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். துடைத்துப் போட்டார்.

"உது நான் வைச்சது" என்றார்.

அந்த நாளில் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்ற காலம் ஒன்று இருந்ததாம். மெசினை நிறுத்தி வைத்தால் ராங்குக்குள் இருக்கிற பெற்றோல் ஆவியாகிவிடும் என்று மூடி ஓட்டையைச் சவுக்காரத்தால் அடைப்பார்களாம். சவுக்காரத்தைப் பெற்றோல் கரைக்காதாம். ஓட முதல் சுரண்டி எடுப்பது வழமை. இருபத்திரண்டில் மூன்று நாள் லைனில் நின்று எடுத்த பெற்றோலை ராங்கில் விட்டபோது கை தன்பாட்டில் போய் அதே வேலையைச் செய்திருக்கிறது. எடுக்க மறந்துவிட்டார்.

"அப்ப மாமா, பிழை மெசினிலை இல்லை" என்றேன். "மெசினிலை என்ன பிழை, வைச்சவன்ரை மண்டையிலை பிழை" என்று மாமி உள்ளுக்கிருந்து சொன்னா. மாமா சிரிக்கத் தொடங்கினார். கதிரையைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமிச் சிரித்தார். நான் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவர் பல்லைக் கண்டதில்லை. ஆரணி அவரைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள், அவளுக்கு இரண்டு பல்.

ஒன்பதாம் திகதி திரும்பப் பரீட்சை. இந்த முறை மாமா தேத்தண்ணியை ஒரே இழுவையில் குடித்துவிட்டு, "ரேசைக் கூட்டும்" என்றார். ஓடியது. பத்து நிமிடம் தாண்டியது. இருபது தாண்டியது. நான் மெசினுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ராங்கைத் திறந்து பார்க்க வேண்டும் போல் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். யதுசன் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றான். பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற்றிவிட ஆள் இல்லை, நிருஷனின் கையில் பிள்ளை. பார்த்தால் மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் நிற்கிறார். ஒவ்வொரு பாத்தியாகத் தண்ணியைத் திறந்துவிட்டுக்கொண்டு போகிறார். கடைசிப் பாத்தி நிறைந்தபோது திரும்பி, "நிப்பாட்டும் பிள்ளை, கிணறு வத்தப்போகுது" என்றார்.

நான் நிற்பாட்டினேன் மக்டலீன். அது தானாக நிற்கவில்லை. நான் நிற்பாட்டித்தான் நின்றது.

நேற்றுப் பூசம். மாமா யதுசனைக் கூப்பிட்டு, "தம்பி, காணி மருமேளுக்குக் குடுத்தாச்சு" என்றார். அவன் நல்ல பெடியன், கோபிக்கவில்லை. நல்ல வெங்காய விதை எங்கே இருக்கிறது என்று அவன்தான் சொன்னான். கோப்பாயில் ஒரு வீட்டில். நாளைக்குப் போகிறோம்.

உன் கடிதத்தின் இரண்டாம் பாதியை நான் முதலில் வாசிக்கவில்லை. மெசின் ஓடினபிறகுதான் வாசித்தேன். கிணற்றுக்கட்டில் இருந்து, கையெல்லாம் எண்ணெயோடு. மூலையில் கறுப்பு விரலடையாளம் பட்டுவிட்டது. நீ சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், ஓம். உன்னைப் பிடித்தும் வைத்திருப்பேன். அது எனக்கும் தெரிகிறது. ஆனாலும் நீ சொல்லியிருக்க வேண்டும். இனி இதைப் பற்றி எழுதமாட்டேன், கோபம் முடிந்துவிட்டது. என் கலியாணத்துக்கு நீ கட்டுவதாகச் சொன்ன அந்தக் கடும்பச்சை உனக்கு வடிவில்லை என்று அன்றைக்கே சொல்ல நினைத்தேன். அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

உன்,
பிரசாந்தி


மடம்
18.02.2025

பிரசாந்தி,

உன் கடிதத்தை மதர் சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினா. நாங்கள் சாப்பிடும்போது புனிதர்களின் வரலாறுதான் வாசிக்கிறது வழக்கம். சவுக்காரம் வந்த இடத்தில் யோசப்பீன் சிஸ்டர் மேசையில் தலையை வைத்துவிட்டா. கடும்பச்சையையும் மதர் விடவில்லை, வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினா.

அதன் பலன் என்ன தெரியுமோ? அடுத்தநாள் மதர் என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே ஒரு தகரக் கொட்டிலுக்குள் ஜெனரேற்றர் ஒன்று கிடக்கிறது. நான் வருவதற்கு முதலே நின்றுபோனதாம். மூன்று வருடமாக அதற்குப் பக்கத்தால்தான் தோட்டத்துக்குப் போய்வருகிறேன். ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை வைப்பேன், கை வைத்தால் வீட்டு ஞாபகம் வரும் என்று விட்டிருந்தேன். "திருத்துவீரோ?" என்று மதர் கேட்டா. திருத்துவேன் என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

ஆனால் அது பெரியது. ஒருத்தியால் தூக்கிப் பிரட்ட ஏலாது, சாமான் பிடிக்கவும் ஒரு ஆள் வேண்டும். யோசப்பீன் சிஸ்டருக்கு எழுபத்திரண்டு வயது.

இங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது. எங்களைப் பார்க்க வருகிற ஆட்கள் பார்வை அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து அரை மணித்தியாலம் கதைக்கலாம். அதுவும் வீட்டு ஆட்கள் மட்டும். சிநேகிதிகளுக்கு அனுமதி இல்லை. ஆனால் வேலைக்கு வருகிற ஆட்கள், கூரை மேய வருகிறவர், கிணறு இறைக்க வருகிறவர், மெக்கானிக், இவர்கள் பின் கேற்றால் வளவுக்குள்ளேயே வரலாம். வேலை முடியும்வரை நிற்கலாம். தேத்தண்ணியும் கொடுப்போம்.

மதர் ஒழுங்குப் புத்தகத்தை எடுத்து எனக்கு முன்னால் வாசித்துப் பார்த்தா. மெக்கானிக் ஆம்பிளையாய் இருக்க வேண்டும் என்று அதில் இல்லையாம். மூடிவைத்துவிட்டு, "அந்த உரும்பிராய் மெக்கானிக்கை வரச்சொல்லி எழுதும். தவக்காலத்துக்கு முதல் வரட்டும், பேந்து நாற்பது நாளைக்கு உமக்குக் கடிதமும் இல்லை" என்றா.

25ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, காலமை ஒன்பது மணி, பின் கேற். வருவாயோ?

மக்டலீன்


உரும்பிராய்
21.02.2025

மக்டலீன்,

வாறன்.

ஆரணியைக் கொண்டுவருவதோ விடுவதோ என்று ஒரு முழுநாள் யோசித்தேன். அவளை விட்டுவிட்டு நான் இதுவரை படலையைத் தாண்டினதில்லை. மாமாவிடம் கேட்டேன். "மெக்கானிக்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போறேல்லை. நான் பாக்கிறன், நீர் போட்டு வாரும்" என்றார். நிருஷன் பஸ் நேரம் பார்த்து எழுதித் தந்திருக்கிறார். நான் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம். இவ்வளவு கிட்டவா இருந்தாய் நீ.

எண்ணெய் பட்டாலும் கவலையில்லாத பழைய சட்டை ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். மாமா தன் ஸ்பனர் சாவிப் பெட்டியைத் தந்தார். பெட்டி பாரம், தோள் இறங்குகிறது, பரவாயில்லை.

கேற்றில் ஆர் வந்து "ஆர் நீங்கள்?" என்று கேட்டாலும் "மெக்கானிக்" என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகுகிறேன். இன்னும் சிரிப்பு வருகிறது. செவ்வாய்க்குள் சரிவந்துவிடும். நீ கேற்றடிக்கு வராதே. உன்னைக் கண்டால் எனக்கு ஏலாது. ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் நில், நான் நடந்து வாறன்.

பிரசாந்தி